எழுபத்திரண்டு மணி நேரம் வரை

செப்டம்பர் 27, சனி

மெஸ்ஸில் சாம்பார் என்று ஊற்றியதை ஒரு டம்ளரில் பிடித்துக்கொண்டுபோய் வார்டன் மேசையில் வைத்தேன். "இதுல ஒரு பருப்பு இருந்தா காட்டுங்க மேடம், இனிமே நான் வாயே திறக்கல" என்றேன். அந்த அம்மா டம்ளரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "பூங்கோதை, ஆறு வருஷமா இந்த ஹாஸ்டல்லயே இருக்கற ஒரே ஆளு நீதான். எப்பத்தான் கெளம்புவே?" கேட்டாரே ஒரு கேள்வி! சாம்பாருக்கும் என் பிஎச்.டி.க்கும் என்ன சம்பந்தம்?

மதியம் கடைசிச் சோதனையை ஆரம்பித்தேன். பட்டுப்புழுக்கள் நான்காவது தோலை உரித்துவிட்டு, நன்றாகப் பசியோடு இருந்தன. இலையில் பாக்டீரியாவைத் தடவி எல்லாப் பெட்டிகளுக்கும் வைத்தேன், ஒன்றைத் தவிர. பாதிப் பெட்டிகளுக்கு மட்டும் என் மருந்தையும் தெளித்தேன்.

என்றாவது நானே மறந்துபோனால் படித்துக்கொள்ள எழுதிவைக்கிறேன். கிருமி நுழைந்தால் புழுவின் உடம்பு கிருமிகொல்லிப் புரதங்களைச் சுரக்கும். அந்தச் சுரப்புக்கான உத்தரவை மடக்கிப்போட ஒரு துக்கடா இழை இருக்கிறது. பெயர் மைக்ரோ ஆர்.என்.ஏ., மொத்தமே இருபத்திரண்டு எழுத்து. தானாக எதையும் செய்யாது, அடுத்தவன் செய்வதைத் தடுக்கும். எங்கள் துறை அலுவலகத்தில் அப்படி இரண்டு பேர் இருக்கிறார்கள். அந்தத் துக்கடாவைப் பிடித்துக் கட்டிப்போடும் எதிரிழைதான் என் மருந்து. அடக்க ஆளில்லாவிட்டால் கிருமிகொல்லி கொட்டோ கொட்டென்று கொட்டும், புழு பிழைத்துக்கொள்ளும். என் கைடு தணிகாசலம் சார் இதற்கு வைத்திருக்கும் பெயர், பிரேக்கைப் பிடுங்குவது.

செப்டம்பர் 30, செவ்வாய்

எழுபத்திரண்டு மணி நேரம் முடிந்தது. மருந்து தின்னாத புழுக்கள் கறுத்து, நெகிழ்ந்து, நாறிப்போய்க் கிடக்கின்றன. பிழைத்தது ஏதோ நாலைந்து. மருந்து தின்ற பெட்டிகளிலோ அத்தனையும் தலையைத் தூக்கிக்கொண்டு இலை கேட்கின்றன! கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன். சார் வந்து பார்த்துவிட்டு, "இது போதும்மா. கிராஃபைப் போட்டுட்டுப் பெட்டிகளை ஆட்டோகிளேவ்ல போட்டுத் தூக்கிப் போட்டுரு" என்றார். எங்கள் ஆய்வகத்தில் எந்தச் சோதனையும் எழுபத்திரண்டு மணி நேரத்தோடு சரி. சாருடைய சார் காலத்திலிருந்தே அப்படித்தான்.

போடப் போனால், நாளைக்கு ஆயுத பூஜை என்று பெனிட்டா அந்த ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கொப்பரையைத் தேய்த்துக் கழுவிச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு இரண்டு வருடம் ஜூனியர், நாகர்கோவில்காரி, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். "அக்கா, இப்பம் தானே பொட்டு வச்சேன், பூஜை முடியாம தொடப்பிடாது" என்கிறாள். எனக்கே சாமி சாஸ்திரம் சொல்லிக் கொடுக்கிறாள். ஒரு சண்டை போட்டேன். பெட்டிகளை மூலையில் அடுக்கிவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 1, புதன்

பூஜை. பி.சி.ஆர். மெஷினுக்கு மாலை, மைக்ரோஸ்கோப்புக்குப் பட்டை, சென்ட்ரிஃபியூஜுக்குக் கீழே எலுமிச்சம்பழம். பொரி நமுத்துப்போயிருந்தது, கடைக்காரனை இங்கிருந்தே திட்டினேன். சார் கற்பூரத்தட்டோடு என் புழுப் பெட்டிகளுக்கும் ஒரு சுற்று காட்டினார்.

எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். எனக்குப் போக விருப்பமில்லை. போனால் அம்மா ஜாதகக் கட்டோடு உட்கார்ந்திருப்பாள். மூலையில் இருந்த புழுக்களுக்கு இலை வைத்தேன். எப்படியும் சாகப்போகிறவைதான். அதற்காகப் பட்டினி போட்டுக் கொல்ல மனசு வரவில்லை.

அக்டோபர் 3, வெள்ளி

இலை வைத்தேன். மழை. துணி காயவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

கிருமியே கொடுக்காத பெட்டியில் எல்லாப் புழுவும் பழுத்து, உடம்பு கண்ணாடி மாதிரி ஆகி, கூடு கட்டிவிட்டன. மருந்து இல்லாமல் தட்டுத்தடுமாறிப் பிழைத்த அந்த நாலைந்துகூட மெலிசாகக் கட்டியிருக்கின்றன. என் மருந்து தின்ற புழுக்கள் மட்டும் ஒன்றுகூடக் கட்டவில்லை. பழுக்கவும் இல்லை. சுருங்கிப்போய்ப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே இருக்கின்றன. இலையை மோந்துபார்த்துவிட்டுப் போகின்றன. சிலது நடந்தபடியே செத்துக் கிடக்கிறது.

ஒன்றை அறுத்துப் பார்த்தேன். கொழுப்புத் திசு என்று ஒன்று இருந்த இடமே தெரியவில்லை. பட்டுச் சுரப்பி நூல் மாதிரி ஒட்டிக் கிடந்தது.

அக்டோபர் 7, செவ்வாய்

பி.சி.ஆரில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். கிருமி செத்து எத்தனையோ நாளாயிற்று. உள்ளே கிருமிகொல்லி மட்டும் முதல் நாள் வேகத்தில் இன்னும் கொட்டிக்கொண்டிருக்கிறது. நிறுத்தச் சொல்ல ஆளில்லை, நான்தான் அந்த ஆளைக் கட்டிப்போட்டுவிட்டேனே. கூடு கட்ட வைத்திருந்த சத்தையெல்லாம் புழு சண்டைக்கே செலவழித்துவிட்டது.

நாளை மறுநாள் கள ஆய்வு. உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு வளர்ப்பு மனை முழுக்க இந்த மருந்தைத் தெளிக்கப் போகிறோம். காலையில் முதல் வேலையாகச் சாரிடம் சொல்லிவிட வேண்டும்.

அக்டோபர் 8, புதன்

சொன்னேன். படங்களையும் காட்டினேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூணு நாளுக்கு மேல உன்னை யாரும்மா பாக்கச் சொன்னா?"

"பூஜைக்காக வெச்சிருந்தது சார். அப்படியே..."

"எத்தனை தடவை பண்ணியிருக்கே?"

"ஒரு தடவைதான்."

"அப்பறம்? ஒரு தடவை பாத்ததை வெச்சுட்டு வாயைத் திறக்கக் கூடாதுன்னு உனக்கு நான் சொல்லித் தரணுமா? பெட்டிக்குள்ள இருந்த புழு, மழை நேரம், ஈர இலை. ஆயிரம் காரணம் இருக்கலாம்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "உன் தீசிஸ் சினாப்சிஸ் எங்க நிக்குது?" என்றார்.

"முடிச்சுட்டேன் சார். உங்க கையெழுத்து மட்டும்தான்."

"கொண்டா, மேசை மேலயே இருக்கட்டும். நாளைக்கு ஆரம்பிக்கறது நல்லபடியா முடிஞ்சுதுன்னா தீபாவளி கழிச்சுப் போட்டுடறேன். இந்த மாசமே ரிவ்யூ கமிட்டி வேற வருது."

அவர் சொல்வதும் நியாயம்தான். ஒரு தடவை என்பது ஒரு தடவைதான். மூன்று தடவை செய்து ஒரே மாதிரி வந்தால்தான் பேச வேண்டும், அதுதான் முறை. வளர்ப்பு மனையில் காற்றோட்டம் வேறு, இலை வேறு. அங்கே நன்றாகவே கட்டக்கூடும்.

வெளியே வந்தால் என் சைக்கிளை யாரோ வெயிலில் நகர்த்தி வைத்திருக்கிறார்கள். செக்யூரிட்டி அண்ணனைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினேன்.

அக்டோபர் 9, வியாழன்

உடுமலைப்பேட்டையில் இறங்கி டவுன் பஸ் பிடித்துப் போக வேண்டும். அந்த வீட்டுக்காரம்மாள் பேர் பொன்னாத்தா. வளர்ப்பு மனையின் வாசலில் சுண்ணாம்புத் தூள் தட்டு, அதில் கால் வைத்துத்தான் உள்ளே போக விடுகிறார். என் தலையில் இருந்த பூவைக்கூட எடுத்துவிடச் சொன்னார். "வாசனை ஆவாதுங்க அம்மிணி. இதுக சாமியாட்ட. கொஞ்சம் அப்புடியிப்புடின்னாலும் கோவிச்சுக்கும்" என்றார்.

மருமகள் சுபாஷினி, ஆவணியில்தான் கல்யாணமாம். ஓயாமல் கேள்வி. "ஏனுங்கக்கா, புழுவுக்குக் காய்ச்சல் வருமுங்களா? நீங்க ஊசி போடுவீங்களா?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருந்தை நான்தான் கலந்தேன், அவள் இலையைப் பரப்பிப் பிடித்தாள், நான் தெளித்தேன். கிளம்பும்போது மரத்திலிருந்து கொய்யா பறித்து என் பைக்குள் திணித்தாள்.

நல்ல கொய்யா. ஒன்றை பெனிட்டாவுக்குக் கொடுத்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

தூக்கம் சரியில்லை. பக்கத்து அறைக்காரி போனில் சத்தமாகப் பேசுகிறாள். கதவைத் தட்டிக் கேட்டேன், சண்டை.

அக்டோபர் 14, செவ்வாய்

இரண்டாவது முறை போனேன். சுற்றுவட்டாரத்தில் பல மனைகளில் மழைக்கு நோய் வந்து புழுக்களைக் கூடை கூடையாகக் குழியில் கொட்டுகிறார்கள். பொன்னாத்தா வீட்டில் ஒன்றுகூடச் சாகவில்லை. அந்தம்மாள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கையை உருவிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

சுபாஷினி என்னை ஓரமாக இழுத்துப்போனாள். "அக்கா, யாருகிட்டயும் சொல்லீராதீங்க. முந்தாநேத்து நான் தூரம். அத்தை சந்தைக்குப் போயிட்டாங்க, பஸ்சு கெடைக்கலையாட்ட, வரவே இல்ல. புழுவெல்லாம் பசியில தலையத் தூக்கிட்டு நிக்குதுங்க. மனசு கேக்காம நானே உள்ள போயி எல போட்டுட்டு வந்துட்டேன். ஒண்ணும் ஆவாதில்லைங்க?"

"மண்ணாங்கட்டி. உனக்குத் தூரம்னு புழுவுக்குத் தெரியுமா? நீ இலை போட்டதாலதான் அதுக பொழைச்சுது" என்றேன்.

முகம் மலர்ந்துவிட்டது அந்தப் பெண்ணுக்கு. தாராபுரத்தில் அம்மா வீட்டில் தலை தீபாவளியாம். மாமா, அதாவது அவள் கணவர், மயில் கழுத்து நிறத்தில் புடவை எடுத்துக் கொடுத்திருக்கிறாராம், அதையும் காட்டினாள். புழுக்கள் கூடு கட்டி முடித்ததும் இருவரும் கிளம்பிவிடுவார்கள்.

புழுக்கள் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. கொஞ்சம் மெலிவாக இருக்கலாம். ஒன்றும் சொல்வதற்கில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

பொன்னாத்தா போன் செய்தார். "கூடு கட்டற சந்திரிகையில எடுத்து உட்டும் ஒண்ணுகூடக் கட்ட மாட்டீங்குதுங்க அம்மிணி. ராப்பகலா சுத்திட்டே இருக்குது. நீங்க வந்து பாருங்கோ."

சாரிடம் சொன்னேன். "பதட்டப்படாதே, நாளைக்கு நானே வர்றேன்" என்றார்.

அக்டோபர் 18, சனி

மனைக்குள் நுழைந்ததுமே தெரிந்துவிட்டது. வட்டத் தட்டுகளில் சுருள் சுருளாக இருந்த சந்திரிகைகளில் ஒரு கூடுகூட இல்லை. புழுக்கள் விளிம்புவரை போய், திரும்பி, மறுபடி விளிம்புவரை போய்க்கொண்டிருந்தன. அந்தச் சரசரப்புச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது.

சார் நிதானமாகப் பார்த்தார். "நோயால ஒண்ணும் சாகலையேம்மா, கவனிச்சீங்களா? மருந்து அதோட வேலையைச் செஞ்சிருக்கு" என்றார். "கூடு கட்டாததுக்கு வளர்ப்புலதான் எங்கயோ குறை. இந்தப் பத்து நாள்ல சுத்தபத்தமில்லாம யாராச்சும் உள்ள வந்தாங்களா?"

சார் பொதுவாகத்தான் கேட்டார். சுகாதாரம் பற்றி எல்லா மனைகளிலும் கேட்கும் கேள்விதான் அது.

பொன்னாத்தா திரும்பி மருமகளைப் பார்த்தார். அந்தப் பெண்ணுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "நீங்க சந்தைக்குப் போன அன்னைக்குங்க அத்தை..." என்று ஆரம்பித்து அழுதுவிட்டாள்.

"அடிப்பாவி! தூரத்தோட உள்ள போனியா? குடியக் கெடுத்துப்போட்டியேடி!" அந்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். மகன் வாசலோடு நின்றான். அவன் மனைவியின் பக்கம் திரும்பவே இல்லை. சுபாஷினி என்னைப் பார்த்தாள். புழுவுக்குத் தெரியுமா என்று கேட்டவள் நான்தானே. ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தாள்.

நான் வாயைத் திறந்தேன். "பூங்கோதை, அந்தச் சாம்பிள் பெட்டியை எடுத்து வண்டியில வை" என்றார் சார். எடுத்து வைத்தேன்.

வண்டியில் வரும்போது, அடுத்த முறைக்கு அந்தம்மாளுக்குப் புழு முட்டைகளை நாமே இலவசமாகக் கொடுத்துவிடலாம் என்றார். பல்லடத்தில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தார். சர்க்கரை அதிகம்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஹாஸ்டலில் நானும் இரண்டு வடநாட்டுப் பெண்களும்தான். எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், வெந்நீர் வரவில்லை, யாரிடம் போய்க் கேட்பது.

பொன்னாத்தாவுக்கு வாழ்த்துச் சொல்வதுபோல் போன் செய்து பார்த்தேன். சுபாஷினியை நேற்றே அவள் அப்பா வந்து கூட்டிப் போய்விட்டாராம். மகன் போகவில்லை. "எங்க வூட்ல இந்தத் தடவ பண்டிகையே இல்லீங்க அம்மிணி. இனி அவ இங்க வரோணுமான்னு அவனே ரோசன பண்ணிட்டிருக்கறான்."

தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை இல்லாமல் அந்தப் பெண் அப்பாவோடு பஸ்ஸில் போயிருக்கிறாள்.

அக்டோபர் 22, புதன்

பெனிட்டாவிடம்கூடச் சொல்லாமல் கிளம்பினேன். முதலில் பொன்னாத்தா வீட்டுக்கு. திண்டாடித் திண்டாடி முழுவதையும் சொன்னேன். தப்பு மருந்தில் இருக்கிறது, எங்கள் ஆய்வகத்திலும் இதேபோல்தான் ஆனது, மருமகள் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று. அந்தம்மாள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க நல்ல மனசுக்காரி அம்மிணி" என்றார் கடைசியில். "அவ அழுததுல எளகிட்டீங்க, பரிஞ்சு பேசறீங்க. சுத்தமில்லாம ஆரு வந்ததுன்னு பெரியவரே கேட்டாரல்லங்க? அவருக்குத் தெரியாததுங்களா? மருந்துல தப்பிருந்தா உங்க வாய்க்கு நீங்க அன்னைக்கே சொல்லியிருக்க மாட்டீங்களா?"

என் வாயைப் பற்றி இத்தனை நல்ல அபிப்பிராயம் யாருக்கும் இருந்ததில்லை.

அங்கிருந்து தாராபுரம். சுபாஷினி வீட்டுப் பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மாவும் அவளோடு சரியாகப் பேசவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். இவள் நம்பினாள். உடனே நம்பினாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டு, "அப்ப நானில்லீங்களா அக்கா? நிசமா நானில்லீங்களா?" என்றாள்.

"நீ இல்லை."

அழுது முடித்துவிட்டு நிமிர்ந்தாள். "உங்களுக்கு எப்பங்கக்கா தெரிஞ்சுது?"

"ஆயுத பூஜை லீவுல."

விரல் விட்டு எண்ணினாள். "நீங்க மொதமொத எங்கூட்டுக்கு மருந்து கொண்டாந்தீங்களே, நானு கொய்யாப்பழம் குடுத்தேனே. அது பூசை முடிஞ்சுதானுங்களே?"

"ஆமா."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு தட்டத்தைத் திருப்பித் திருப்பிக் கழுவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "அத்தை உங்களை நம்பலீன்னா, சார் சொன்னா நம்புவாங்க. சாரை ஒரு வார்த்த போன்ல சொல்லச் சொல்லுங்கக்கா. போதும். எங்கூட்டுக்காரரு வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிருவாரு" என்றாள்.

"சொல்றேன். நாளைக்கே சொல்லச் சொல்றேன்."

"பஸ்சுக்கு நேரமாச்சுங்களா?" என்றாள். வாசல்வரை வரவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

சாரின் அறையில் ரிவ்யூ கமிட்டி ஆட்கள். பேச நேரம் கிடைக்கவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

உள்ளே போனேன். மேசைமேல் என் சினாப்சிஸ் விரித்துக் கிடந்தது, சார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். "என்னம்மா?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார். அப்பறம் வர்றேன்."

பார்த்து முடிக்கட்டும். கையெழுத்து ஆகிவிட்டால் அப்புறம் எனக்கு என்ன பயம்? அதற்குப் பிறகு நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம். இரண்டு மூன்று நாளில் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

அக்டோபர் 26, ஞாயிறு

சுபாஷினி இரண்டு முறை அழைத்திருந்தாள். துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

காலையில் கையெழுத்து ஆயிற்று. ஒரே ஒரு திருத்தம்தான் சொன்னார், "முடிவுகள்" பகுதியில் எழுபத்திரண்டு மணி நேரத்துக்குப் பிறகு ஒரு வரியும் வேண்டாம் என்று. நான் அப்படி ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை என்று காட்டினேன். சிரித்தார்.

கையெழுத்து வாங்கியவர் இனிப்பு வாங்கித் தர வேண்டும் என்பது எங்கள் ஆய்வக வழக்கம். மைசூர்பாகு வாங்கி வந்தேன். பெனிட்டா, "அக்கா, முகம் ஏன் இப்படி இருக்கு, சந்தோசமா இல்லியா?" என்றாள். வேறு நாளாக இருந்தால் அவளை ஒரு வழி பண்ணியிருப்பேன்.

மெஸ்ஸில் மதியம் சாம்பார் வெறும் தண்ணீர். சாதத்தில் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டேன். போன் அடித்தது, தாராபுரம் நம்பர். தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தேன். கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டிருந்துவிட்டு நின்றது.

சாயங்காலம் சார் ஒரு துண்டு மைசூர்பாகைக் கடித்துக்கொண்டே எல்லோர் முன்னாலும் சொன்னார்: "ஆறு வருஷமா எத்தனை சண்டை, எத்தனை பிராது! இந்த ஒரு வாரமாத்தான் பூங்கோதை வாயே திறக்கலை. இப்பத்தாம்மா நீ ஒரு சயின்டிஸ்ட் ஆயிருக்கே."

எல்லோரும் கை தட்டினார்கள். "தேங்க்ஸ் சார்" என்றேன்.